உதிர்ந்த கொம்பும் உரிய சொல்லும்: மான்கொம்பு சேகரிப்பின் வரலாற்றில் பெயர்களின் பங்கு

1. முன்னுரை

காட்டுவழியே செல்லும் ஒருவர் சருகுகளுக்கிடையே கிடக்கும் மான்கொம்பு ஒன்றைக் கண்டெடுக்கிறார். அவர் மானைக் கொல்லவில்லை, துரத்தவும் இல்லை. பட்டுப்போன கிளை மரத்திலிருந்து விழுவதுபோல அக்கொம்பு மானின் தலையிலிருந்து தானே விழுந்தது. ஆயினும் அதனை எடுத்துச் செல்பவர் ஜெர்மனியில் பிறரது வேட்டையுரிமையைக் கவர்ந்தவர் ஆவார். இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியில் அகப்படுவார். அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் பொதுநிலத்தில் மே மாதத்தில் எடுத்தால் உரிமையுடன் எடுத்தவர் ஆவார். பொருளும் செயலும் ஒன்றாகவே இருப்பினும், அப்பொருள் எந்தப் பெயரின்கீழ் எண்ணப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

உதிர்ந்த மான்கொம்பைக் கண்டெடுத்துத் தூய்மை செய்து பயன்கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. அவ்வழக்கத்தின் வரலாற்றில் பெயர்கள் வகித்த பங்கினையும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் பொறுப்பினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. உதிர்தலும் கண்டெடுத்தலும்

தமிழில் கொம்பு எனப் பொதுவாகச் சுட்டப்படுவன உயிரியல் நோக்கில் இருவகைப்படும். மாடு, ஆடு, வெளிமான் முதலியவற்றின் கொம்பு, எலும்பு நடுத்தண்டின்மேல் நகத்தையொத்த கெரட்டின் உறை மூடியது, வாழ்நாள் முழுவதும் நிலைப்பது, கிளைப்பதில்லை. புள்ளிமான், கடமான் முதலிய மான் குடும்பத்தினவற்றின் கொம்போ முழுதும் எலும்பாலானது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. துருவமான் நீங்கலாக இது ஆண் விலங்குக்கே உரியது. முன்னதை ஆங்கிலம் 'ஹார்ன்' என்றும் பின்னதை 'ஆன்ட்லர்' என்றும் கூறும். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் என்னும் விலங்கு கெரட்டின் உறையை ஆண்டுதோறும் கழற்றுவது இப்பாகுபாட்டிற்கு ஒரு விதிவிலக்கு.

வளரும் பருவத்தில் மான்கொம்பு இரத்தக்குழாய் நிறைந்த மென்தோலால் மூடப்பட்டிருக்கும். வளர்ச்சி முடிந்ததும் அத்தோல் உலர்ந்து உரிய, மான் கொம்பை மரங்களில் தேய்க்கும். புதிதாக வெளிப்படும் எலும்பு வெளிறியது. மரப்பட்டையின் சாறும் மண்ணும் ஏறியே அதன் பழுப்பு நிறம் அமைகிறது. இணைவிழைச்சுப் பருவம் முடிந்து ஆண்சுரப்பு குறையும்போது, கொம்பின் அடிக்கும் மண்டையோட்டு முளைக்கும் இடையிலுள்ள எலும்பு கரைந்து பிடிப்பு தளர்கிறது, கொம்பு விழுகிறது. இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விழ வேண்டுமென்பதில்லை.

பனி நாடுகளில் குளிர்கால இறுதியில் வெயில் படும் சரிவுகள், மான்கள் படுத்தெழும் இடங்கள், தாண்டிக் குதிக்கும் வேலியோரங்கள் ஆகியவற்றில் கொம்பு தேடுவர். இந்தியக் காடுகளில் கடமானின் கொம்பு பெரும்பாலும் கோடையை ஒட்டி உதிரும். புள்ளிமானுக்கு அத்தகைய ஒரே பருவம் இல்லை. கண்டெடுப்போர்க்கு முள்ளம்பன்றியும் எலியும் போட்டியாளர்கள். சுண்ணாம்புச் சத்துக்காக அவை கொம்பைக் கொறிக்கும். மான்களும் சில வேளைகளில் மெல்வதுண்டு. வெயிலில் நெடுநாள் கிடந்த கொம்பு வெளுத்து, வெடித்து, சுண்ணாம்புக்கட்டிபோல் ஆகிவிடும்.

தூய்மை செய்தல் எளிய தொழிலே. நீரும் மென்தூரிகையும் கொண்டு மண்ணையும் பாசியையும் அகற்றி நிழலில் உலர்த்துவர். சிலர் சிறிது எண்ணெய் தடவுவர். கொதிக்கவைத்தாலும் வெளுப்புக்காரம் இட்டாலும் இயல்பான பழுப்பு நீங்கிவிடும். அறுக்கும்போது எழும் நுண்தூள் மூச்சுக்குத் தீங்கானது.

உதிர்ந்த கொம்பின் அடி சற்றே புடைத்து, சுற்றிலும் முத்துமுத்தாகத் திரண்ட வளையம் சிதையாமல் இருக்கும். கொன்ற மானிடமிருந்து எடுத்ததாயின் மண்டையோட்டு எலும்பு ஒட்டியிருக்கும். அல்லது வெட்டின் தடம் தெரியும். எவ்வாறு கிடைத்தது என்பதற்குக் கொம்பிலேயே உள்ள சான்று இந்த அடிப்பகுதிதான். துண்டுபோட்டு மெருகிட்டபின் அச்சான்று மறைந்துவிடும்.

3. தொல்லியல் தரும் செய்தி

உதிர்ந்ததா, எடுக்கப்பட்டதா என்னும் வினா தொல்லியலில் பெரும் விவாதத்திற்கு இடந்தந்துள்ளது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள ஸ்டார் கார் என்னும் இடைக்கற்கால இடத்தை கிரஹாம் கிளார்க் 1949 முதல் 1951 வரை அகழ்ந்தார். செம்மான் கொம்பில் செதுக்கிய முள்முனைகள் 191 அங்குக் கிடைத்தன. 1954இல் வெளியிட்ட நூலில், உதிர்ந்த கொம்புகளும் மண்டையோட்டோடு கூடிய கொம்புகளும் கலந்திருந்தமையைக் கொண்டு மக்கள் அங்குக் குளிர்காலத்தில் தங்கினர் என அவர் முடிவு செய்தார். கொம்பு நெடுநாள் சேமித்து வைக்கவும் தொலைவுக்கு எடுத்துச் செல்லவும் தக்க பொருள் என்பதால், அது விழுந்த காலத்தை மக்கள் தங்கிய காலமாகக் கொள்ள இயலாது எனப் பிற்காலத்தார் மறுத்தனர். லெக், ரோலி-கான்வி ஆகிய இருவரும் விலங்குகளின் பற்களை ஆராய்ந்து, கோடைக்காலத் தங்கலையே அவை காட்டுகின்றன என 1988இல் எழுதினர். கண்டெடுத்ததை வேட்டையின் விளைவாகப் படித்ததே முதல் முடிவின் குறை எனலாம்.

நார்ஃபோக்கிலுள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னும் புதிய கற்காலச் சுரங்கங்களில், ஏறத்தாழ கி.மு. 2600 அளவில், தீக்கல் தோண்டியோர் செம்மான் கொம்பையே குத்துக்கருவியாகக் கொண்டனர். அக்கருவிகளில் பெரும்பாலானவை உதிர்ந்த கொம்புகள். இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் மகதகாவிலும் பீகாரின் சிராந்திலும் எலும்பு, மான்கொம்பு ஆகியவற்றாலான பொருள்கள் கிடைத்துள்ளன. கங்கைச் சமவெளியில் கல் அரிதாதலின் இவற்றின் பயன் மிகுதி.

4. பெயரிடும் முறைகள்

இவ்வளவு தொன்மையான பொருளுக்குத் தனிப்பெயர் எல்லா மொழியிலும் இல்லை. ஆங்கிலத்திலேயே அது பிற்காலத்தது. 'ஆன்ட்லர்' பழம் பிரெஞ்சிலிருந்து வந்த கடன்சொல். முதலில் கண்ணுக்கு மேலாக முன்னோக்கி நீளும் அடிக்கிளையை மட்டும் குறித்தது. பின் எந்தக் கிளையையும், இறுதியில் முழுக் கொம்பையும் குறிக்கலாயிற்று. சினைப்பெயர் முதற்பெயராக விரிந்ததற்கு இது நல்ல சான்று. அதற்குமுன் 'ஹார்ன்' என்பதே இரண்டுக்கும் பொதுவாயிருந்தது. மான்கொம்பைக் காய்ச்சி வடித்த அம்மோனிய மருந்துக்கு 'ஹார்ட்ஸ்ஹார்ன்' என்ற பெயர் நிலைத்தமை அதன் எச்சம்.

பிரெஞ்சில் மான்கொம்பு 'புவா' எனப்படும். அச்சொல்லுக்கு மரம், விறகு, காடு என்னும் பொருள்களும் உண்டு. உதிர்ந்த கொம்பை 'மியூ' என்பர். இறகும் தோலும் கழலுதலைக் குறிக்கும் சொல்லே இங்குக் கழன்ற பொருளுக்கு ஆகிவந்தது. ஜெர்மனில் 'ஹார்ன்' வேறு, 'கெவாய்' வேறு. உதிர்ந்த கொம்புக்கு 'ஆப்வுர்ஃப்ஷ்டாங்க' என்னும் வேட்டைவழக்குச் சொல் உண்டு. எறியப்பட்ட தண்டு என்பது அதன் பொருள். சீன மருத்துவ வழக்கு மென்தோல் மூடிய இளங்கொம்பை 'லுரோங்' என்றும் முற்றிய கொம்பை 'லுஜியாவ்' என்றும் பிரிக்கும். ஒவ்வொரு மொழியும் தனக்குப் பயன்பட்ட நிலையில் பொருளைப் பிரித்துள்ளமை இவற்றால் விளங்கும்.

திராவிட மொழிகளில் கொம்பும் கிளையும் நெருங்கிய உறவுடையன. தமிழில் 'கொம்பு' விலங்கின் கொம்பையும் மரத்தின் கிளையையும் குறிக்கும். 'கோடு' என்பதோ கொம்பு, தந்தம், கிளை, மலைமுடி ஆகிய அனைத்தையும் குறிக்கும். தெலுங்கில் 'கொம்மு' விலங்கின் கொம்பு, 'கொம்ம' மரக்கிளை. பிரெஞ்சு 'புவா' என்பதைத் தமிழில் பெயர்ப்பவர்க்குக் 'கொம்பு' இயல்பாகவே பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்தின் இரு சொற்களைப் பெயர்ப்பவர்க்கோ அது போதாது.

விலங்குப் பெயரைக் கொண்டு வேறுபடுத்தலாமெனின் அதுவும் முற்றும் உதவாது. தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்னும் ஆண்பாற் பெயர்களைப் புல்வாய்க்கு உரிமையாக்கி, கலை என்பதனை உழைக்கும் உரியதாக்குகிறது. புல்வாய் என்பதை வெளிமான் எனவும் உழை என்பதை மான் குடும்பத்தது எனவும் கொண்டால், கொம்பு நிலைப்பதும் உதிர்வதும் ஆகிய இருவகை விலங்குகளும் 'கலை' என்ற ஒரே பெயரில் அடங்குகின்றன. அப்பாகுபாடு பாலையும் இனத்தையும் பற்றியது; கொம்பின் இயல்பைப் பற்றியதன்று. இன்றைய வழக்கிலும் 'வெளிமான்' மான் எனப்பட்டாலும் கொம்பை உதிர்ப்பதில்லை. 'கேளையாடு' ஆடு எனப்பட்டாலும் உதிர்க்கிறது. ஆதலின் 'மான்கொம்பு' என்பது வழக்கில் போதுமாயினும், அறிவியலிலும் சட்டத்திலும் வரையறைச் சொல்லாகாது.

5. 'எல்க்' என்னும் பெயரின் பயணம்

விலங்குப் பெயர் இடம் பெயர்ந்ததற்கு 'எல்க்' சிறந்த எடுத்துக்காட்டு. ஐரோப்பாவில் அது அகன்ற தட்டைக் கொம்புடைய பெருவிலங்கைக் குறித்தது. பிரித்தானியாவில் அவ்விலங்கு முன்பே அழிந்துவிட்டதால், குடியேறிய ஆங்கிலேயர் சொல்லை அறிந்திருந்தனரேயன்றிப் பொருளைக் கண்டிருக்கவில்லை. வட அமெரிக்காவில் தாம் கண்ட பெரிய மானுக்கு அப்பெயரை இட்டனர். ஐரோப்பாவில் 'எல்க்' எனப்படும் விலங்கிற்கு அங்கு ஆல்கோங்கிய மொழிச்சொல்லான 'மூஸ்' வழங்கலாயிற்று. குழப்பம் தவிர்க்க அமெரிக்கப் பெருமானுக்கு 'வாபிட்டி' என்னும் ஷானீ மொழிச்சொல்லை அறிஞர் பரிந்துரைத்தனர்; வெண்பிட்டம் என்பது அதன் பொருள். மக்கள் வழக்கில் 'எல்க்' என்பதே நிலைத்தது.

இலங்கையிலும் இதுவே நேர்ந்தது. 1850களில் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டை நூலில் 'எல்க்' எனப்படுவது கடமானே. இலங்கைத் தமிழர் அதனை 'மரை' என்பர். தமிழகத்தில் 'கடமான்', 'மிளா' ஆகியன வழங்கும். ஆதலின் 'எல்க் கொம்பு' என்னும் தொடரைப் பெயர்ப்பவர், நூல் எழுந்த நாட்டை முதலில் நோக்குதல் வேண்டும். பேக்கரின் நூலாயின் 'மரைக்கொம்பு' என்பது சரியான பெயர்ப்பு. அமெரிக்க நூலுக்கு அது பிழை.

6. ஜாக்சன் பள்ளத்தாக்கில் சேகரிப்பு

உதிர்ந்த கொம்பு பொதுச்சொத்தாகப் பேணப்பட்டதற்கு வயோமிங்கின் ஜாக்சன் நகரம் சான்று. அங்கு 1912இல் தேசிய எல்க் புகலிடம் அமைக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்குத் திரளும் வாபிட்டி மான்கள் வேனில் தொடக்கத்தில் கொம்பை உதிர்க்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் எடுத்தல் கூடாது. இசைவு பெற்ற சாரணர் சேகரிப்பர். 1968 முதல் அவை நகரச் சதுக்கத்தில் ஏலம் விடப்படுகின்றன. வருவாயில் முக்கால் பங்கு புகலிடத்திற்கே திரும்புகிறது. சதுக்கத்தின் நுழைவாயில்களில் கொம்புகளை அடுக்கிய வளைவுகள் உள்ளன. முதல் வளைவு 1953இல் எழுந்தது.

பிற பொதுநிலங்களில் கட்டுப்பாடு வேறு நோக்கில் வந்தது. கொம்பு தேடுவோர் குளிர்கால இறுதியில் மான்களை அலைக்கழிப்பதால், உணவின்றி மெலிந்த விலங்குகள் மேலும் நலிந்தன. ஆகவே கண்டப் பிரிகோட்டிற்கு மேற்கிலுள்ள பொதுநிலங்களில் சனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை சேகரிப்பு 2009 முதல் தடுக்கப்பட்டது. 2024இலிருந்து வெளிமாநிலத்தார் மேலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இங்குத் தடைசெய்யப்படுவது பொருளன்று, காலமே. உதிர்ந்தது என்னும் தன்மை ஏற்கப்பட்டு, தேடும் செயலின் விளைவே நெறிப்படுத்தப்படுகிறது.

ஜெர்மனியின் வேட்டைச் சட்டமோ உதிர்ந்த கொம்பைப் பெயர் சுட்டியே வேட்டையுரிமை உடையவர்க்கு ஒதுக்குகிறது. தனிச்சொல் இருந்தமையால் ஐயத்திற்கு இடமின்றிப் போயிற்று.

7. இந்தியச் சட்டங்களில் மூன்று இடங்கள்

இந்தியக் கடமானின் கொம்பு உள்துளை குறைந்து திண்மையானது. ஆதலின் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தித் தொழிலில் கைப்பிடிக்கு அது பெரிதும் விரும்பப்பட்டது. இவ்வணிகத்தின் முதற்கண்ணி காட்டில் கொம்பு பொறுக்கியவரே. அவரது நிலை மூன்று சட்டங்களில் மூன்று வகையாக மாறியது.

1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் காட்டில் கிடைக்கும் தோல், தந்தம், கொம்பு, எலும்பு, தேன், மெழுகு முதலியவற்றை 'வனவிளைபொருள்' என ஒருங்கே வைத்தது. கொம்பு அங்குத் தேனுக்கும் மெழுகுக்கும் உடன்பட்ட பொருள். அரசுக்குரியதாயினும் விளைச்சல் என்னும் கருத்தில் அமைந்தது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'ஆன்ட்லர்', 'ஹார்ன்' என்னும் இரண்டையும் தனித்தனியே பெயர் சுட்டி, 'டிராஃபி' என்னும் சொல்லின் வரையறைக்குள் கொணர்ந்தது. செயற்கையாகவோ இயற்கையாகவோ எவ்வகையிலேனும் பாதுகாக்கப்பட்ட விலங்கின் எப்பகுதியும் அதில் அடங்கும். பதப்படுத்த வேண்டாதபடி இயற்கையே காத்த எலும்பாதலின் கொம்பு, கழுவப்பட்டாலும் படாவிட்டாலும் இவ்வரையறைக்குள் வருகிறது. கத்திப்பிடியாகிவிட்டால் 'விலங்குப் பொருள்' என்னும் வேறு வரையறைக்குள் செல்கிறது. உதிர்ந்தது, எடுத்தது என்னும் வேறுபாடு வரையறையில் இல்லை. அதே சட்டம் மயிலின் தோகையிறகுக்குச் சில பிரிவுகளில் விலக்களித்துள்ளது. மான்கொம்புக்கு அத்தகைய விலக்கு இல்லை.

ஏற்றுமதிக் கொள்கையில் மட்டும் சில காலம் 'உதிர்ந்த' என்னும் அடைமொழி உயிர்பெற்றிருந்தது. புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் உதிர்ந்த கொம்பால் செய்த பொருள்களும் சீவல்களும் நிபந்தனைகளுடன் ஏற்றுமதிக்கு இசைவு பெற்றிருந்தன. 1990களின் இறுதியில் அதுவும் தடைப்பட்டது. மெருகிட்ட துண்டில் உதிர்ந்ததற்கான அடையாளம் எஞ்சுவதில்லை. அடைமொழி உண்மையா என்பதைப் பொருளைக்கொண்டு சோதிக்க இயலாத நிலையில், கொன்று எடுத்த கொம்பும் அப்பெயரிலேயே செல்ல வழியுண்டு. தடையால் மான்களுக்குக் காப்பு மிகுந்தது. பொறுக்கி வாழ்ந்தவர்க்கு ஒரு வருவாய் அற்றது. இவ்விரண்டும் ஒருங்கே நோக்கத்தக்கன.

2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் காடுவாழ் மக்களுக்குச் சிறுவனவிளைபொருள் உரிமையை அளித்தபோது, அதனைத் தாவர மூலமுடைய பொருள்கள் என வரையறுத்தது. ஆயினும் பூச்சிகள் தரும் தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன, கொம்பு இடம்பெறவில்லை. 1927இல் தேனோடு நின்ற பொருள் 2006இல் தேனைவிட்டுப் பிரிந்தது. மக்கள் வழக்கில் கிளையோடு பெயர் பகிரும் பொருள், சட்டத்தில் வேட்டைப் பேற்றோடு பெயர் பகிர்கிறது.

8. மொழிபெயர்ப்பில் கருதத்தக்கன

முதலாவது 'டிராஃபி'. பகைவர் புறங்கொடுத்த இடத்தில் நாட்டும் சின்னத்தைக் குறித்த கிரேக்கச் சொல் அதன் மூலம். 'வெற்றிச்சின்னம்', 'கோப்பை' என்னும் அகராதிப் பொருள்களோ 'வேட்டைச் சின்னம்' என்னும் புத்தாக்கமோ இங்குப் பொருந்தா. வேட்டையாடாதவர் தம்மை அச்சட்டம் தீண்டாது என எண்ணுவதற்கு அவை இடந்தரும். சட்டம் முட்டையையும் கூட்டையும்கூட இச்சொல்லில் அடக்குவதால், 'விலங்கின் பேணப்பட்ட உடற்பகுதி' போன்ற விளக்கத்தொடரே தக்கது.

இரண்டாவது 'ஆன்ட்லர்'. 'கிளைக்கொம்பு' எனின் கிளைக்காத இளமானின் ஒற்றைக்கொம்பு விடுபடும். 'உதிர்கொம்பு' என்னும் வினைத்தொகை பொருத்தமானது. உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் என முக்காலமும் அதில் கரந்திருப்பதால் கொம்பின் இயல்பையே அது கூறுகிறது. ஆனால் அந்த நன்மையே அடுத்த இடத்தில் இடராகும். மானின் தலையில் நிற்கும் கொம்பும் உதிர்கொம்பே; தரையில் கிடப்பதும் உதிர்கொம்பே.

எனவே மூன்றாவதாக, தரையில் கிடப்பதைக் குறிக்க இறந்தகாலப் பெயரெச்சம் இன்றியமையாதது. அங்கும் 'உதிர்ந்த' என்னும் தன்வினைக்கும் 'உதிர்த்த' என்னும் பிறவினைக்கும் வேறுபாடு பேணல் வேண்டும். பிறர் உதிர்த்ததற்கும் இடந்தரும் சொல் பின்னது. ஆங்கிலத்தின் 'ஷெட்' இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை, தமிழ் காட்டும். 'தானே உதிர்ந்த கொம்பு' என எழுதினால் கண்டெடுத்தவரின் நிலை தெளிவாகிறது.

9. முடிவுரை

ஸ்டார் காரில் கொம்பின் அடியைப் படித்தவர் மக்கள் தங்கிய பருவத்தைக் கணித்தார். சுங்கச் சாவடியில் கொம்பின் அடியைப் பார்ப்பவர் ஒருவரது குற்றத்தைக் கணிக்கிறார். அடி அறுபட்டபின் சொல்லே எஞ்சும் சான்று. வனத்துறை அறிவிப்புப் பலகையோ சட்டச் சுருக்கமோ தமிழில் எழுதப்படும்போது, 'வேட்டைப் பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன' என்று எழுதுவதற்கும், 'கீழே உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பையும் எடுத்தல் கூடாது' என்று எழுதுவதற்கும் இடையேயுள்ள தொலைவு, படிக்கும் ஒருவர்க்கு வழக்கு மன்றத்திற்கும் வீட்டிற்கும் உள்ள தொலைவாகலாம். பின்னதே பொருளைச் சரியாகச் சுட்டும் பெயர்ப்பு. கலைச்சொல் தேர்வில் கைக்கொள்ளத்தக்கதும் அதுவே.